பின்னால் வருவதன் எடை

ஜெயச்சந்திரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ட்ரெய்லரின் முன்காலுக்கு அடியில் ஒரு பலகையைத் தள்ளுகிறார். பலகையின் ஒரு முனை செங்கல்லின் மேல். மறுமுனை, வீட்டில் நாம் ஏறி நின்று உடம்பு எடை பார்ப்போமே, அந்தச் சின்னச் சதுர மெஷினின் மேல். கைப்பிடியைச் சுற்றுகிறார். முன்கால் மெல்ல இறங்கிப் பலகையின் நடுவில் ஊன்றுகிறது. மெஷினின் ஊசி நடுங்கி, எழுபதைத் தாண்டி இரண்டு கோடு தள்ளி நிற்கிறது.

“ரெண்டால பெருக்கிக்குங்க சார். நூத்தி நாப்பத்தி நாலு. ஹவ், ஆமா, சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார்.

ட்ரெய்லரின் மேல் இருப்பது ஆளுயர டீசல் ஜெனரேட்டர். அதை இழுக்கப்போவது காய்கறிக் கூடையும் தண்ணீர் கேனும் ஏற்றுவதற்கென்று செய்த சின்ன பிக்கப் வண்டி. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்த்தால் யார் யாரை இழுக்கப்போகிறார்கள் என்ற சந்தேகம் எவருக்கும் வரும். ஜெயச்சந்திரனுக்கும் வரும். பன்னிரண்டு வருடமாக இதே தொழிலில் இருக்கிறார். ஒவ்வொரு முறை கொக்கி மாட்டும்போதும் அந்தச் சந்தேகம் அவருக்குப் புதிதாக வருகிறது. வராத நாளில் வண்டி எடுப்பதில்லை என்று சொல்கிறார்.

பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சுற்றுச்சுவரை ஒட்டிய காலி மனையில் அவருடைய பணி. கிருஷ்ணா என்ற தெலுங்குக்காரர் அங்கே பதினொரு ஜெனரேட்டர்களை ட்ரெய்லரில் ஏற்றி வைத்து வாடகைக்கு விடுகிறார். மாதாப்பூர் சாஃப்ட்வேர் கம்பெனிகள், கல்யாண மண்டபங்கள், கம்ப்யூட்டரில் பரீட்சை நடத்தும் கல்லூரிகள் என்று கரண்ட் போகும் இடத்துக்கெல்லாம் இங்கிருந்துதான் போகும். பெரியவற்றை இழுக்க டிராக்டர் உண்டு. ஆனால் டிராக்டரைப் பகலில் நகரத்துக்குள் விடமாட்டார்கள். ஆகவே பாதிக்கு மேல் ஜெயச்சந்திரனின் சொந்த பிக்கப்பின் தலையில்தான்.

நான் மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். 2008 கோடையில் எங்கள் கட்டடத்தின் ஜெனரேட்டர் படுத்துக்கொண்டபோது மாற்று ஜெனரேட்டரைக் கொண்டுவந்தவர் இவர். வண்டிக் கண்ணாடியில் தமிழ் எழுத்தோடு ஒட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, ட்ரெய்லரைச் சுவரோரம் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கொக்கியைக் கழற்றி, கையைத் துடைத்துக்கொண்டு, இருபது நிமிஷம் கழித்து என்னிடம் வந்து, “அப்பாவுக்குத் திருவெறும்பூர் சார். நான் பொறந்தது ராமச்சந்திராபுரம்” என்றார்.

அது திமிர் அல்ல. கொக்கி மாட்டியிருக்கும்வரை அவர் பேசமாட்டார். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒருமுறை பட்டான்செருவிலிருந்து ஹப்சிகுடாவரை அவருடன் முன் இருக்கையில் போனேன். இரண்டேகால் மணி நேரம். போகிற வழியில் நான் கேட்ட ஏழெட்டுக் கேள்விகளுக்கும் மூச்சில்லை. ஹப்சிகுடாவில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டபின் டீக்கடையில் உட்கார்ந்து, முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். நானே மறந்துபோயிருந்த ஒரு கேள்விக்கும் பதில் வந்தது.

வயது நாற்பத்தேழு. ஒல்லி. மேல்சட்டையின் முழுக்கையை வெயிலிலும் மடிப்பதில்லை. பிக்கப்பின் இரு பக்கக் கண்ணாடிகளையும் இரும்புக் குழாய் வைத்து ஒரு முழம் வெளியே தள்ளியிருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வருவதுபோல் இருக்கும். பாட்டு போடும் பெட்டி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பின்னால் என்ன சத்தம் வருகிறது என்று காதில் விழ வேண்டுமாம்.

முன்கால் எடையை ஏன் பார்க்க வேண்டும் என்று அவரைக் கேட்டால் கையை வைத்துக் காட்டுவார். ட்ரெய்லரின் பாரம் பின்பக்கம் சாய்ந்திருந்தால் கொக்கியில் கனம் இருக்காது. வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் இடமும் வலமும் அலையும், முன்வண்டியையும் சேர்த்து அலைக்கும். பாரம் மிகவும் முன்னால் இருந்தால் பிக்கப்பின் பின்பக்கம் அழுந்தி முன்சக்கரம் தரையில் ஒட்டாது. ஸ்டீயரிங் பஞ்சுபோல் சுற்றும். “கம்மியானா வால் ஆடும். ஜாஸ்தியானா மூக்கு தூக்கும். ரெண்டும் நக்கோ, வேண்டாம்” என்பார். இதற்கென்று தனித் தராசு வாங்கினால் என்ன என்று கேட்டேன். இது போதும், வீட்டு மெஷினுக்கு என்ன குறைச்சல் என்றார்.

குறைச்சல் அவர் மனைவி கல்பகத்துக்குத்தான். அவர் ராமச்சந்திராபுரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். உடம்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அந்த மெஷினை ஆசையாக வாங்கியவர் அவர். மூன்றாம் நாள் அது வண்டிக்குள் போய்விட்டது. “ஊர்ல இருக்கற ஜெனரேட்டர் எல்லாம் மாசாமாசம் எடை பாத்துக்குது. நான் ஒருத்திதான் எத்தனை கிலோன்னு தெரியாம உலாத்திட்டிருக்கேன்” என்று என்னிடம் முறையிட்டார். மகள் தாரிணி உள்ளேயிருந்து தெலுங்கில் ஏதோ சொன்னாள். அப்பா தமிழில் பதில் சொன்னார். அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் நடக்கும்.

லிங்கம்பள்ளிச் சந்திப்பில் ஒரு போக்குவரத்துக் காவலர் இருக்கிறார். முதல்முறை வண்டியை நிறுத்திச் சோதித்தபோது இருக்கைக்கு அடியில் இந்த மெஷினைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டு, விளக்கத்தில் நம்பிக்கை இல்லாமல் தானே அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார். தொண்ணூற்றொன்று. அதிலிருந்து மாதம் ஒருமுறை வண்டியை ஓரங்கட்டச் சொல்லி ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கிறார். இப்போது எண்பத்து நான்குக்கு வந்திருக்கிறாராம். ஜெயச்சந்திரன் இதைத் தன் வெற்றியாகவே சொல்லிக்கொள்கிறார்.

எப்போதும் அவர் இப்படி இருந்ததில்லை. அதை அவரே மறைப்பதில்லை.

அப்பா ராமச்சந்திராபுரத்தில் இருக்கும் பெரிய அரசுத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மகனுக்கும் உள்ளே வேலை கிடைக்கும் என்று குடும்பம் காத்திருந்தது, கிடைக்கவில்லை. பட்டான்செரு ஷிஃப்டுக்குப் போகிறவர்களை ஏற்றும் ஷேர் ஆட்டோவைச் சில வருடம் ஓட்டினார். 2001இல் பழைய பிக்கப் ஒன்று கைக்கு வந்தது. அப்போதுதான் மாதாப்பூரில் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்துக் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கட்டடத்துக்கும் முதலில் ஜெனரேட்டர்தான் வர வேண்டியிருந்தது. கிருஷ்ணா கூப்பிட்டார்; இவர் போனார். எவ்வளவு கனம், எவ்வளவு இழுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கொக்கி தாங்கினால் வண்டி தாங்கும் என்பதுதான் அப்போது அவர் கணக்கு. ஒரே நாளில் ஐந்து நடை அடித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததாகச் சொல்கிறார்.

2005 அக்டோபரில் ஒரு சாயங்காலம். கச்சிபௌலி பக்கம் பாறையைக் குடைந்து புதிதாகப் போட்ட சாலையில் நீளமான இறக்கம். தூறல் போட்டு நின்றிருந்தது. பின்னால் ஆயிரத்து முந்நூறு கிலோ. ட்ரெய்லருக்குப் பிரேக் கிடையாது. அப்போது எந்த ட்ரெய்லருக்கும் கிடையாது. இறக்கத்தின் அடியில் ஒரு கார் திரும்புவதைப் பார்த்து இவர் பிரேக்கை மிதித்தார். பிக்கப் வேகம் குறைந்தது, பின்னால் வந்தது குறையவில்லை. முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியதுபோல் இருந்தது என்கிறார். பிக்கப்பின் பின்பக்கம் வழுக்கியது. ட்ரெய்லர் கதவு சாத்துவதுபோலப் பக்கவாட்டில் சுழன்று வந்து சாலையோரத்தைத் துடைத்துக்கொண்டு போனது. ஓரத்தில் சீத்தாப்பழக் கூடைகளை வைத்துக்கொண்டு சாயிலு என்பவர் உட்கார்ந்திருந்தார்.

சாயிலுவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஜெயச்சந்திரனுக்கு நெற்றியில் ஒரு கீறல்.

வழக்கு பதிவாகிப் பின்னால் ஒருவழியாக முடிந்தது. வண்டி சில நாளிலேயே திரும்பக் கைக்கு வந்தது. இவர் அதைத் தொடவில்லை. வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, மாதாப்பூரில் ஒரு கட்டடத்துக்குச் செக்யூரிட்டியாகப் போய்விட்டார். நீலச் சட்டையும் விசிலும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காராமல் நடைபாதைப் பக்கமே உட்காருவாராம். ஜன்னலில் சாலை தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் தினமும் போனார். கல்பகம் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகுமுன் சாயிலுவின் கட்டிலருகில் வைத்துவிட்டு, பேசாமல் நின்றுவிட்டு வருவார். ஆறு வாரம். முதல் மூன்று வாரம் சாயிலு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். நான்காம் வாரத்தில் ஒருநாள் திரும்பிப் பார்த்து, தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏன் பிரேக் போடவில்லை?

போட்டேன் என்றார் இவர். வண்டிக்கு இருந்தது, பின்னால் வந்ததற்கு இல்லை.

சாயிலு, அப்படியானால் அதற்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்டார்.

“அந்தக் கேள்வியை அதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல சார்” என்று ஜெயச்சந்திரன் என்னிடம் சொன்னார். “கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்டது அந்த மனுஷன். அதுவும் கால்ல கம்பி போட்டுக்கிட்டு.”

அதன் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கேள்வி தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கை ஸ்டீயரிங்கைத் தொட மறுத்தது. கல்பகம் ஒருநாள் தார்ப்பாயைத் துவைக்கப் போடுவதாகச் சொல்லி வண்டியின் மேலிருந்து உருவிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். தான் சொன்ன பதிலைக் கல்பகமே எனக்குச் சொன்னார்.

“பயப்படறவங்க எல்லாம் வீட்ல உக்காந்துட்டா, ரோட்ல யார் இருப்பாங்க? பயப்படாதவங்கதானே? அதுதான் நல்லதாங்க?”

பட்டான்செருவில் யாதகிரி என்பவரின் வெல்டிங் பட்டறை இருக்கிறது. செக்யூரிட்டி வேலை இல்லாத நேரமெல்லாம் இவர் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். இருவரும் பழைய ஜீப் ஒன்றின் பின் அச்சை டிரம் பிரேக்கோடு வாங்கி வந்து கிருஷ்ணாவின் ட்ரெய்லர் ஒன்றுக்கு அடியில் பொருத்தினார்கள். அந்தப் பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டுமே, அது எங்கே? அங்கேதான் ஜெயச்சந்திரனின் மூளை வேலை செய்தது. கொக்கிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வைத்தார். முன்வண்டி வேகத்தைக் குறைத்ததும் பின்வண்டி வந்து முட்டும். முட்டினால் உள்குழாய் நகரும். நகர்ந்தால் ஒரு கம்பி இழுபடும். கம்பி பிரேக்கைப் பிடிக்கும். எவ்வளவு பலமாக முட்டுகிறதோ அவ்வளவு பலமாகப் பிடிக்கும். “தள்ளறவனோட பலத்தாலயே அவனை நிறுத்தறது, அவ்வளவுதான்” என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார். வேறு தேசங்களில் இது வெகுநாளாக இருக்கிறது என்று நான் இன்டர்நெட்டில் பார்த்துச் சொன்னபோது அவருக்கு வருத்தமே இல்லை. அப்படியானால் சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்றார்.

முதல் பிரேக் சொதப்பியது. முன்னால் போகும்போது நன்றாக இருந்தது. பின்னால் எடுத்தால் குழாய் அமுங்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு கம்பெனி வாசலில் பின்னால் எடுக்க முடியாமல் நடுத்தெருவில் மாட்டிக்கொண்டு, அங்கிருந்த வாட்ச்மேன்கள் பத்துப் பேர் சேர்ந்து கையால் தள்ள வேண்டியதாயிற்று. பின்னால் எடுக்கும்போது குழாயை நகரவிடாமல் பிடிக்க ஒரு கொண்டி வைத்தபின்தான் அது சரியானது. கிருஷ்ணா இதையெல்லாம் ஜெயண்ணாவின் பைத்தியம் என்று பெயர் வைத்து, போனால் போகிறது என்று முதலில் அந்த ஒரு ட்ரெய்லருக்கு மட்டும் அனுமதித்தார். செக்யூரிட்டி வேலையை விட்டு இவர் மறுபடி ஓட்ட ஆரம்பித்தது அதோடுதான். 2012 வரை மூன்றுக்குத்தான் பிரேக் இருந்தது.

நான் சொல்ல வந்தது அந்த 2012இல் நடந்தது.

ஏப்ரல் கடைசி, ஒரு சனிக்கிழமை. கோடைக்கு ஜெனரேட்டர் பேசி வைக்க நான் கிருஷ்ணாவின் மனைக்குப் போயிருந்தேன். மின்வெட்டு உச்சத்தில் இருந்த சமயம். காலை பத்தரை மணிக்கு ஒரு ஃபோன் வந்தது. நர்சாபூருக்கு அப்பால் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையம் நடத்தும் பத்மஜா என்ற பெண்மணி. ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று, மாலைவரை வராது. அவருடைய சொந்த ஜெனரேட்டர் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பொரிக்கும் பெட்டிகளுக்குள் பதினெட்டாயிரம் முட்டைகள், பத்தொன்பதாம் நாள்; இன்னும் இரண்டு நாளில் பொரிய வேண்டியவை. உள்ளே குஞ்சுகள் உயிரோடு அசைந்துகொண்டிருக்கின்றன. விசிறி ஓடாவிட்டால் அவற்றின் சூட்டிலேயே அவை வெந்துபோகும். வங்கிக் கடனில் ஆரம்பித்து அது அவருக்கு இரண்டாவது வருடம். கிருஷ்ணாவின் ஃபோனிலிருந்து வந்த குரல் பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது.

மனையில் மீதி இருந்தது ஒரே ஒரு பெரிய ஜெனரேட்டர். அது பிரேக் இல்லாத ட்ரெய்லரில் இருந்தது. டிராக்டர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தது. கிருஷ்ணா ஜெயச்சந்திரனைப் பார்த்து, உடனே மாட்டு, கிளம்பு என்றார். இவர் ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ, பிரேக் இல்லை, வழியில் காட்டு இறக்கம் இருக்கிறது, இப்படியே கொண்டுபோக மாட்டேன் என்றார்.

போன மாதம் ஒரு லாரிக்காரன் இதையே இழுத்துக்கொண்டு போனானே என்றார் கிருஷ்ணா. லாரி வேறு, இது வேறு என்றார் இவர். கிருஷ்ணா குரலை உயர்த்தினார். அங்கே உயிர் போய்க்கொண்டிருக்கிறது, நீ இங்கே தராசு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்றார். வேறு இரண்டு டிரைவர்களுக்கு ஃபோன் போட்டார். முகூர்த்த நாள், யாரும் கிடைக்கவில்லை. நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே என்று ஜெயச்சந்திரனிடம் கத்தினார்.

இவர் தெலுங்கில் பதில் சொன்னார். அதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: “நாளைக்கு வர வேண்டாம்னா வரலண்ணா. இன்னைக்கு மட்டும் ஒரு கிரேனைக் கூப்பிடுங்க.”

பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்த இன்னொரு ஜெனரேட்டர் பிரேக் உள்ள ட்ரெய்லரின் மேல் இருந்தது. அதை இறக்கிவிட்டு இதைத் தூக்கி அதில் வைக்க வேண்டும். தொழிற்பேட்டையில் கிரேனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கிருஷ்ணா தலையில் கைவைத்துக்கொண்டார். ஜெயச்சந்திரன் அவர் கையிலிருந்த ஃபோனை மெதுவாக வாங்கி, பத்மஜாவிடம் தானே பேசினார். பெட்டிக் கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறீர்களா, விசிற ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். பிறகு நடக்கப்போவதை அப்படியே சொன்னார். ஒரு மணிக்கு வருவேன் என்று பொய் சொல்லவில்லை.

“ரெண்டரை ஆகும்மா. லேட்டாதான் வருவேன். ஆனா வந்துடுவேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து, சரி, வாங்க என்று மட்டும் கேட்டது.

கிரேன் வந்தது. கோபத்தோடு நின்ற கிருஷ்ணாவே சங்கிலியைப் பிடித்து வழிகாட்டினார். ஜெனரேட்டரின் டாங்கியில் இருந்த டீசலைக் கேன்களில் இறக்கி, செம்புக் கேபிள் சுருள்களைக் கழற்றி, இரண்டையும் பிக்கப்பின் முதுகில் ஏற்றினார்கள். பின்னால் வருவது இளைக்க வேண்டும், முன்னால் போவது பருக்க வேண்டும் என்பது ஜெயச்சந்திரனின் கணக்கு. பலகை, செங்கல், மெஷின். பிறகு பிரேக் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளம்பினார். என்னவோ தோன்றி நானும் ஏறிக்கொண்டேன்.

முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் முள் போகவில்லை. வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். காட்டுக்குள் நுழைந்து, இறக்கத்தின் உச்சியிலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டார். பாதி இறங்கியிருப்போம். வளைவைத் திரும்பியதும் எதிரே, கொஞ்ச தூரத்தில், சாலை முழுக்க ஆடுகள். நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ ஆட்களோடு நின்றுகொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

அவர் பிரேக்கை மிதித்தார். அடியோடு அல்ல, அழுத்தி, சீராக. பின்னாலிருந்து ட்ரெய்லர் வந்து முட்டியதை என் முதுகு உணர்ந்தது. உடனே இரும்பு உரசும் ஒரு முனகல் கேட்டது. முட்டல் அழுத்தமாகி, பிறகு குறைந்து, பிறகு இல்லாமல் போயிற்று. வண்டி நேராகவே நின்றது. ஆட்டோவின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, மறுபடி ஆடுகளைப் பார்க்க ஆரம்பித்தார். அவரைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை. நடுவில் இரண்டு ஆள் படுக்கிற தூரம் இருந்தது.

ஜெயச்சந்திரனின் உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆடுகள் போனபின் கிளம்பினோம்.

குஞ்சு நிலையத்தை அடைந்தபோது மணி இரண்டு நாற்பது. ஏழெட்டுப் பெண்கள் பெட்டிக் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு அட்டைகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பத்மஜாவும் அவர்களில் ஒருவராக நின்று விசிறிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது. பத்து நிமிஷம் தாமதமாகிவிட்டது, மன்னிச்சுக்குங்க என்றார் ஜெயச்சந்திரன். அந்த அம்மாள் விசிறிக்கொண்டே கேபிள் மாட்ட வேண்டிய இடத்தைக் காட்டினார். கேபிள் மாட்டி, டீசல் ஊற்றி, எஞ்சின் பிடித்து, பெட்டிகளின் விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழல ஆரம்பித்தன. பெண்கள் அட்டைகளைக் கீழே போட்டார்கள். ஒருத்தி அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் நாள் பொரிந்தது பதினைந்தாயிரத்துச் சொச்சம். எல்லாம் பிழைக்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இன்னும் சில நூறு பிழைத்திருக்கும் என்று ஜெயச்சந்திரன் தானே சொல்கிறார். அதை மறுத்துப் பேசினால் கேட்டுக்கொள்வதில்லை. பத்மஜா அடுத்த வாரம் கிருஷ்ணாவுக்கு ஃபோன் செய்து, இனி எப்போது தேவைப்பட்டாலும் அந்த லேட்டாக வருகிறவரையே அனுப்புங்கள் என்று சொன்னாராம். கிருஷ்ணா அதை எங்கள் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு சொன்னார். நாளையிலிருந்து வராதே என்று கத்தியதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மீதி எட்டு ட்ரெய்லர்களையும் யாதகிரியின் பட்டறைக்கு ஒவ்வொன்றாக அனுப்பிப் பிரேக் வைத்துவிட்டார். பக்கத்து மனைக்காரர் ஒருவர் தன்னுடைய கம்ப்ரஸர் வண்டிக்கும் அதே மாதிரி வேண்டும் என்று வந்து நிற்கிறார். சாயிலு லேசாகக் காலை இழுத்து நடக்கிறார்; சீசனில் லிங்கம்பள்ளியில் கடை போடுகிறார். முதல் பிரேக்கைச் சோதித்த அன்று கிருஷ்ணாவின் மனைக்கு வந்து, ட்ரெய்லருக்கு அடியில் குனிந்து கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர் அவர்.

குஞ்சு நிலையத்திலிருந்து ஜெனரேட்டரைத் திரும்ப எடுத்துவர எட்டு நாள் கழித்து ஜெயச்சந்திரன் போனபோதும் நான் கூடப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஒற்றைச் சாலை. எங்களுக்குப் பின்னால் கால் சென்டர் வண்டிகளும் கார்களும் ஒரு ரயில்வண்டிபோல நீண்டு சேர்ந்துவிட்டன. ஹாரன் மேல் ஹாரன். அவர் கண்ணாடியில் பார்த்தார். அகலமான மண்தரை ஒன்று வந்ததும் இடது விளக்கைப் போட்டு, மெதுவாக ஓரம் கட்டி நின்றார். கார்கள் ஒவ்வொன்றாகச் சீறிக்கொண்டு கடந்தன. ஒருவர் கண்ணாடியை இறக்கி ஏதோ திட்டிக்கொண்டு போனார். எல்லோரும் போய்ச் சாலை காலியாகிவிட்டது. நான் கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு தூரத்தில், இரு பக்கமும் பால் கேன் தொங்க, ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். ஜெயச்சந்திரன் ஜன்னல் வழியே வலது கையை நீட்டி, அவரையும் முன்னால் போகச் சொல்லி அசைத்தார்.